திரைக்கு அப்பால் ஒரு தம்பி



"நீங்க சொல்றப்போ எல்லாம் புரிஞ்சுதுக்கா. தனியா உட்கார்ந்தா கை ஓடலை."

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்து இரவொன்றில், கைப்பேசியின் மறுமுனையிலிருந்து ஒரு தம்பி என்னிடம் சொன்ன சொற்கள் இவை. அவன் ஊர் தருமபுரி மாவட்டத்தில் அரூரை அடுத்த ஒரு சிற்றூர். பாலிடெக்னிக்கில் கணினிப் பிரிவில் அப்போது இரண்டாம் ஆண்டு பயின்றுகொண்டிருந்தான். நான் இருப்பது இங்கே யசவந்தபுரத்தில், இருவர் தங்கும் ஒரு மாடி அறை. எம்.எஸ்ஸி. கணிதம் பயில வந்த இடத்தில், கைச்செலவுக்கு ஆகட்டும் என்று இணையத்தின் வழியே நிரலாக்க நெறிமுறைகளைக் கற்பிக்கத் தொடங்கினேன். நாம் பேச்சில் 'அல்காரிதம்' என்கிறோமே, அதைத்தான் சொல்கிறேன். அந்தத் தம்பியே என் முதல் மாணவன். ஏழு வாரம் கற்பித்தேன். எட்டாம் வாரம் நடந்த செய்முறைத் தேர்வில் அவன் தவறிவிட்டான்.

மணிக்கு 200 ரூபாய் வாங்கினேன். அது அவன் தாய் புளி தட்டிச் சேர்த்த கூலி. முதல் நாள் அந்த அம்மா கைப்பேசியை வாங்கி, "கண்ணு, எம் பையன் தேறிடுவானா?" என்று கேட்டார். "கட்டாயம் தேறிடுவாம்மா" என்று நான் சொன்னேன். சொன்ன சொல் என்னவாயிற்று? பிழை அவனுடையதா, என்னுடையதா? சில நாள் அவன் மீதே பழியைப் போட்டுப் பார்த்தேன். மனம் ஒப்பவில்லை.

நம் வளாகத்தில் இன்று நம்மவர் பலர் இவ்வேலையில் இறங்கியிருக்கின்றனர். இறங்க எண்ணுவோர் இன்னும் பலர். அவர்களுக்காகவே இக்கட்டுரை. நான் செய்த பிழையையும், அதிலிருந்து கற்றதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். சொல்ல வந்தது ஒன்றே: நெறிமுறையைச் சொல்லிக் கொடுக்க முடியாது, செய்ய வைக்கத்தான் முடியும்.

நெறிமுறை என்பது யாது?

ஒரு பூக்காரியிடம் 84 முழச் சரம் ஒன்றும், 36 முழச் சரம் ஒன்றும் உள்ளன. இரண்டையும் மிச்சமின்றி ஒரே அளவுத் துண்டுகளாக வெட்ட வேண்டும். துண்டு இயன்ற அளவு நீளமாகவும் இருக்க வேண்டும். எத்தனை முழத்துண்டு? 84ஐ 36ஆல் வகுத்தால் மீதி 12. பிறகு 36ஐ 12ஆல் வகுத்தால் மீதி இல்லை. எனவே விடை 12 முழம். பெரியதைச் சிறியதால் வகு, மீதியை எடுத்துக்கொள், மீதி தீரும்வரை மீண்டும் அதையே செய். நெறிமுறை என்பது இவ்வளவே. ஐயத்திற்கு இடமில்லாத படிகள் வேண்டும். அவை ஓரிடத்தில் முடியவும் வேண்டும்.

இம்முறை கிரேக்க அறிஞர் யூக்ளிடின் நூலில் உள்ளது. வயது ஏறத்தாழ 2300 ஆண்டுகள். 'அல்காரிதம்' என்ற சொல்லோ, 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி என்ற கணித அறிஞரின் பெயரிலிருந்து பிறந்தது. ஆக, கணினி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே நெறிமுறை தோன்றிவிட்டது. அதைக் கற்பிக்க முதலில் கணினியே தேவையில்லை என்பதை இதிலிருந்தே உணரலாம். நான் உணரவில்லை. முதல் நாளே கணினித் திரையைப் பகிர்ந்து, நிரலை மளமளவென்று அடித்துக் காட்டினேன். தம்பி "ஆமாக்கா, ஆமாக்கா" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

மாணவனுக்கு மாணவன்

ஆசிரியப் பயிற்சி பெறாத மாணவர் நாம், நமக்குக் கற்பிக்கும் தகுதி உண்டா என்று சிலர் தயங்குவர். மாணவன் மாணவனுக்குக் கற்பிப்பது நமக்குப் புதிதன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளையே இளையவர்க்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்தான். 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அனாதைப் பிள்ளைகளின் விடுதிக்கு மேற்பார்வையாளராக அமர்ந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், நம் நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் பள்ளியில் அதைப் புகுத்த முயன்றபோது ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. உடனே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே ஆசிரியனாக்கினார். அவன் கற்பித்தான், பிள்ளைகள் கற்றனர்! 1797இல் பெல் இதை நூலாக எழுதி வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயருடன் அது பிரிட்டனில் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவிற்று. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 'மதராஸ் கல்லூரி' என்ற பெயருடன் ஒரு பள்ளி இன்றும் இருக்கிறது.

ஒருவர்க்கு ஒருவர் கற்பிப்பதன் பயன் எவ்வளவு? அமெரிக்கக் கல்வியியல் அறிஞர் பெஞ்சமின் புளூம் 1984இல் வெளியிட்ட கட்டுரை புகழ்பெற்றது. தனியே கற்பிக்கப்பட்ட சராசரி மாணவன், வகுப்பறையில் பயின்ற 100 பேரில் 98 பேரைக் கடந்து நின்றான் என்று அவர் கூறினார். பின்னாளில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கர்ட் வான்லேன் என்பார், அப்பயன் அவ்வளவு பெரிதன்று, ஏறத்தாழ 78 பேரைக் கடக்கும் அளவே என்று 2011இல் காட்டினார். அதுவும் சிறியதன்று.

எனக்குக் கண்ணைத் திறந்தது மற்றோர் ஆய்வு. மிஷலின் சீ என்ற அறிஞரும் அவர் குழுவினரும் 2001இல் வெளியிட்டது. ஆசிரியர் சிலரிடம், "விளக்கம் எதுவும் சொல்லாதீர், மாணவனைப் பேசத் தூண்டும் கேள்விகளை மட்டும் கேளுங்கள்" என்று கட்டளையிட்டனர். விளக்கம் கேட்ட மாணவர்க்கு இம்மாணவர் சற்றும் குறையாமல் கற்றிருந்தனர்! எண்ணிப் பாருங்கள். ஏழு வாரம் நான் தொண்டை வறளப் பேசியதெல்லாம் யாருக்காக? நான் தெளிவாக விளக்குகிறேன் என்ற என் மகிழ்ச்சிக்காகவே அன்றோ?

தொடங்குவதற்கு முன்

இனி, தொடங்கும் வழியைக் காண்போம்.

முதற்கண் உங்களையே சோதித்துக் கொள்ளுங்கள். எல்லா நெறிமுறைகளையும் கற்பிக்க முனைய வேண்டா. வரிசைத் தேடல், இருமத் தேடல், குமிழி வரிசையாக்கம், செருகல் வரிசையாக்கம், மீப்பெரு பொது வகுத்தி, பகா எண்களைச் சலித்தெடுத்தல் ஆகிய ஆறு போதும். ஒவ்வொன்றையும் நூலைப் பாராமல், தாளில் எழுதி, கணினி படிக்காத அறைத் தோழிக்கு விளக்க முடிகிறதா என்று பாருங்கள். என் தோழி உயிரியல் பயில்பவள். அவளுக்குப் புரியாத இடங்களெல்லாம் எனக்கே தெளிவில்லாத இடங்கள் என்பதைப் பிறகே கண்டுகொண்டேன்.

நமக்கே அடிப்படை போதாது என்று தோன்றினால் அதற்கும் வழியுண்டு. 2003இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் ஏழும், நம் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தில், சென்னைக் கணிதவியல் கழகத்துப் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்திய பாடங்கள் உள்ளன. பைதான் வழியாக நெறிமுறைகளைக் கற்பிக்கும் பாடம் ஒன்று. நெறிமுறைகளின் வடிவமைப்பும் பகுப்பாய்வும் பற்றியது மற்றொன்று. பார்ப்பதற்குக் கட்டணமில்லை. தமிழ்நாட்டுப் பாடநூலும் கைகொடுக்கும். 2019இல் வந்த 12ஆம் வகுப்புக் கணினி அறிவியல் நூல் பைதான் மொழியைக் கொண்டது. அதில் நெறிமுறைகளுக்கென்றே தனிப் பாடம் உண்டு. தமிழ் வழியிலும் கிடைக்கிறது.

அடுத்து, முதற்சந்திப்பு. அரை மணிநேரம் போதும், பணம் வாங்காதீர்கள், பாடமும் நடத்தாதீர்கள். மூன்றே செய்திகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐந்து வரி நிரலொன்றைக் காட்டி, "இது என்ன விடை தரும்?" என்று கேளுங்கள். பிறகு, "பத்து எண்களில் பெரியதை எப்படிக் கண்டுபிடிப்பாய்? தமிழிலேயே சொல்" என்று கேளுங்கள். நிரலைப் படிக்கத் தெரியாதவன் ஒருவன். வழியைச் சிந்திக்கத் தெரியாதவன் வேறொருவன். இருவர்க்கும் மருந்து வேறு. மூன்றாவதாக, கையில் இருக்கும் கருவி யாது, அது யாருடையது, எந்நேரம் கிடைக்கும் என்று கேளுங்கள்.

இம்மூன்றாம் கேள்வியை நான் கேட்கவே இல்லை. தம்பியிடம் இருந்தது அவன் அண்ணனுடைய கைப்பேசி. அண்ணன் வேலை முடிந்து வரும் இரவு எட்டரை மணிக்கு மேல்தான் கிடைக்கும். நான் பகிர்ந்த பெரிய திரையின் எழுத்துகள் அந்தச் சிறு திரையில் எறும்புகளாகத் தெரிந்தன. "தெரியலை" என்று சொல்ல அவனுக்கு வெட்கம். ஏழு வாரம்! அவன் என் குரலை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

முதற்பாடம் விளையாட்டாக

நெறிமுறையின் சுவையை ஊட்ட இருமத் தேடலைப் போல் ஏற்ற பாடம் வேறில்லை. "1 முதல் 1000 வரை ஓர் எண்ணை நினைத்துக்கொள். நான் சொல்லும் எண் பெரிதா, சிறிதா, சரியா என்று மட்டும் சொல். பத்துத் தடவைக்குள் பிடித்துவிடுகிறேன்" என்று தொடங்குங்கள். 500 என்பீர்கள், 'பெரிது' என்றால் 250 என்பீர்கள். ஒவ்வொரு கேள்வியிலும் பாதி உதிர்ந்துவிடும். பத்துக் கேள்வியில் 1023 எண்கள் வரை பிடித்துவிடலாம். இருபது கேள்வியில் பத்து இலட்சத்தையும் தாண்டலாம்.

பிறகு இடம் மாறுங்கள். எண்ணை நீங்கள் நினையுங்கள், அவன் தேடட்டும். நான்கைந்து ஆட்டத்திற்குள் அவனே நடுவைப் பிடிக்கத் தொடங்கிவிடுவான். அப்போது கேளுங்கள்: "வருகைப் பதிவேட்டில் பெயர்கள் தாறுமாறாக இருந்தால் இம்முறை பலிக்குமா?" சற்று யோசித்துவிட்டு, "பலிக்காது, வரிசையில் இருந்தால்தான்" என்பான். இருமத் தேடலின் உயிரான நிபந்தனை அது. நீங்கள் சொல்லவில்லை, அவனே சொன்னான். அவன் சொன்னது அவனுக்கு மறக்காது.

தாளும் கட்டமும்

விளையாட்டு முடிந்ததும் உடனே நிரலுக்குத் தாவாதீர்கள். இடையில் ஒரு படி உண்டு. அதுவே எல்லாவற்றிலும் முதன்மையானது. கட்டம் போட்டு, ஒவ்வோர் அடியிலும் மாறிகளின் மதிப்பு என்னவென்று கையால் எழுதிப் பார்ப்பது. 'டிரை ரன்' என்கிறோமே, அதுதான்.

4, 9, 15, 22, 31, 40, 58 என்று ஏழு எண்கள் வரிசையில் இருக்கின்றன. இடங்களுக்கு 0 முதல் 6 வரை எண் இடுங்கள். 40ஐத் தேட வேண்டும். இடது எல்லை 0, வலது எல்லை 6, நடு 3. அங்கிருப்பது 22, அது சிறிது. எனவே இடது எல்லை 4 ஆகிறது. வலது 6, நடு 5. அங்கே 40 கிடைத்துவிட்டது. இரண்டே வரிகளில் தேடல் முடிந்தது.

இனி, இல்லாத 5ஐத் தேடச் சொல்லுங்கள். 0, 6, நடு 3: 22 பெரிது. 0, 2, நடு 1: 9 பெரிது. 0, 0, நடு 0: 4 சிறிது. இப்போது இடது 1, வலது 0. இடது வலதைத் தாண்டிவிட்டது. எனவே எண் இல்லை. தேடலை எப்போது நிறுத்துவது என்ற நுட்பம் இந்த நான்காம் வரியில்தான் விளங்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். நிரலை மனப்பாடம் செய்தவனுக்கு இந்த நான்காம் வரி என்றும் விளங்குவதில்லை.

இதற்கு ஒரு தாளும் பேனாவும் போதும். மாணவன் கட்டத்தைத் தன் நோட்டில் எழுதிப் படம் பிடித்து அனுப்பட்டும். முகத்தைக் காட்டும் காணொளியை அணைத்துவிட்டுக் குரல் மட்டும் வைத்துக்கொண்டால் டேட்டா மிஞ்சும், குரலும் அறுபடாது. திரையில் காட்டியே ஆக வேண்டுமானால், பிலிப் குவோ என்பார் 2010இல் உருவாக்கிய 'பைதான் டியூட்டர்' என்ற இலவசக் கருவி உண்டு. நிரலை ஒவ்வோர் அடியாக ஓட்டி, மாறிகள் மாறுவதைப் படமாகக் காட்டும். ஆயினும் கையால் கட்டம் போட்ட பிறகே அதைக் காட்டுக. முன்னரே காட்டினால் அதுவும் ஒரு சினிமாவாகப் போய்விடும்.

வாய் மூடியிருக்கும் கலை

தம்பி தேர்வில் தவறிய பிறகு, இனிப் பணம் வேண்டா என்று சொல்லி, தை மாதத்தில் மீண்டும் தொடங்கினோம். இம்முறை எனக்கு நானே சில விதிகள் வகுத்துக்கொண்டேன். தட்டச்சு அவன் கையில். எழுதும்போது நினைப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். தடுமாறினால் ஒரு நிமிடம் நான் பேசக் கூடாது. அதன் பின்னும் நகரவில்லையென்றால் முதலில், "இப்போது என்ன செய்ய முயல்கிறாய்?" என்று மட்டும் கேட்பேன். அதுவும் பயன்படாவிட்டால், "எந்த வரியைச் சோதித்துப் பார்க்கலாம்?" என்பேன். மூன்றாவதாகவே சிறு குறிப்பு. விடை ஒருநாளும் இல்லை.

அந்த ஒரு நிமிட மௌனம் இருக்கிறதே, அது கொடுமை! நேரில் என்றால் மாணவன் புருவம் சுருக்குவதும் பேனாவைக் கடிப்பதும் தெரியும். இணையத்தில் ஒன்றும் தெரியாது. தொடர்பு அறுந்ததா, தூங்கிவிட்டானா என்று மனம் பதைக்கும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நாக்கைக் கடித்திருப்பேன்.

ஓர் இரவு இருமத் தேடலைத் தானே எழுதினான். 40ஐத் தேடினான், கிடைத்தது. 58ஐத் தேடினான், நிரல் நின்றபாடில்லை. எனக்குப் பிழை உடனே தெரிந்துவிட்டது. நடு எண் சிறிதாயிருக்கும்போது, இடது எல்லையை நடுவுக்கு அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். அவன் நடுவிலேயே வைத்திருந்தான். சொல்ல வாய் எழுந்தது. அடக்கிக்கொண்டேன். அரை நிமிடம்... ஒரு நிமிடம்... "எந்த வரியைச் சோதிக்கலாம்?" என்று மட்டும் கேட்டேன். பதில் இல்லை. நோட்டுப் புரளும் ஓசை கேட்டது. பேனா ஓடும் ஓசை கேட்டது. வாய்க்குள் முணுமுணுத்தான்: "0, 6, நடு 3... 3, 6, நடு 4... 4, 6, நடு 5... 5, 6, நடு 5... 5, 6, நடு 5..."

சட்டென்று சிரித்தான். "அக்கா! செக்குமாடு மாதிரி அங்கேயே சுத்துது! ஒண்ணு கூட்டணும்க்கா!"

நண்பர்களே, அந்தச் சிரிப்பைக் கேட்க ஐந்து மாதம் ஆயிற்று. முதல் வாரமே கேட்டிருக்க வேண்டியது. நான் பேசிக்கொண்டே இருந்ததால் கேட்காமற்போயிற்று.

அறிஞர்க்கும் வரும் பிழை

பிழை செய்த மாணவன் கூசுவான். அவனிடம் இவ்வரலாற்றைச் சொல்லுங்கள். இருமத் தேடல் 1946இலேயே வெளியாயிற்று. ஆயினும் எல்லா நீளப் பட்டியலுக்கும் சரியாகப் பொருந்தும் வடிவம் அச்சில் வர மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அமெரிக்கக் கணினி அறிஞர் ஜான் பென்ட்லி, தொழில்முறை நிரலாளர்களுக்கு இதையே பயிற்சியாகக் கொடுத்தபோது, பத்தில் ஒன்பது பேர் பிழையாக எழுதினர் என்று பதிவு செய்துள்ளார். பென்ட்லியின் வகுப்பில் பாடம் கேட்டவர் ஜாஷுவா பிளாக். பின்னாளில் ஜாவா மொழியின் நூலகத்திற்கு இருமத் தேடலை எழுதியவர் அவரே. 2006இல் அவரே முன்வந்து, "என் நிரலிலும் பிழை உள்ளது; என் ஆசிரியர் நூலிலும் அதே பிழை உள்ளது" என்ற பொருளில் உலகுக்கு அறிவித்தார்! நடுவைக் காண இடதையும் வலதையும் கூட்டுகிறோம் அல்லவா? பட்டியல் 107 கோடிக்கு மேல் நீண்டால், அக்கூட்டுத்தொகை அம்மொழியின் எண் வரம்பாகிய 214 கோடியைத் தாண்டி எதிர் எண்ணாகிவிடும். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அப்பிழை ஒருவர் கண்ணிலும் படாமல் கிடந்தது. பைதானில் முழு எண்ணுக்கு அவ்வரம்பு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

இதைக் கேட்ட தம்பி, "அப்ப நான் பரவாயில்லைக்கா" என்றான்.

எந்த மொழியில்?

நிரலின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தேர்வும் பலருக்கு ஆங்கிலத்தில்தான். ஆயினும் சிந்தனை எந்த மொழியில் ஓடுகிறதோ, அம்மொழியில் பேசவிடுங்கள். 'லூப்', 'இஃப்', 'லிஸ்ட்' என்ற சொற்களை அப்படியே வைத்துக்கொண்டு, "வரிசை தீரும்வரை", "பெரிதாயிருந்தால்" என்று தமிழில் காரணம் சொல்லட்டும். தமிழில் சரியாகச் சொன்ன பிறகு அதையே எளிய ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். தேர்வுக்கு அது உதவும். இந்நகரத்துத் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் வீட்டில் தமிழும் பள்ளியில் கன்னடமும் பேசுவர். அவர்கள் கன்னடத்தில் சொன்னால் கன்னடத்திலேயே சொல்லட்டும். நாமும் இரண்டு சொல் கற்றுக்கொள்வோம்.

பணமும் நேர்மையும்

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பொய்யாகிவிடும். தம்பி தவறியதற்கு என் பேச்சு மட்டும் காரணமன்று. நான்காம் வாரம் அவன், "அக்கா, நாளைக்கு ரெக்கார்டு வைக்கணும். நீங்களே எழுதித் தந்துடுங்க" என்று கெஞ்சினான். எழுதிக் கொடுத்தேன். ஐந்தாம் வாரமும் கொடுத்தேன். அதற்கும் சேர்த்தே பணம் வந்தது. உதவி செய்தோம் என்று மகிழ்ந்தேன். உண்மையில், அவன் தானே பழக வேண்டிய இரண்டு வாரங்களை நான் திருடிவிட்டேன்.

வளாகத்தில் இத்தகைய வேலைக்கு நல்ல விலை உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததன்று. வீட்டுப்பாடத்தை முடித்துக் கொடுத்தால் கற்பிப்பதைவிட விரைவில் காசு வரும். ஒருமுறை செய்தால் மறுமுறை மறுக்க முடியாது. ஆகவே முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "பாடத்திற்குத் துணை நிற்பேன், உன் பெயரில் ஒரு வரியும் எழுத மாட்டேன்." ஒருவர் இருவர் விலகிப் போவர். போகட்டும்.

கட்டணம் வாங்குவது குற்றமன்று. நமக்கும் விடுதி வாடகை உண்டு. தொகையை முன்னரே பேசிவிடுங்கள். மாதப் பணத்தை மொத்தமாக வாங்காமல் வாரந்தோறும் வாங்குங்கள். பிடிக்காவிட்டால் அவர்கள் நிறுத்திக்கொள்ள வழியிருக்கும். 'தேறிவிடுவான்' என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். மாணவர் 18 வயதிற்குட்பட்டவராயின் பெற்றோருக்குத் தெரியாமல் ஒரு வகுப்பும் வேண்டா. வீட்டார் நடமாடும் இடத்தில் அமர்ந்து படிக்கட்டும். செய்திகள் பெற்றோரும் பார்க்கும் எண்ணிலேயே போகட்டும். கேட்காமல் எதையும் பதிவு செய்யாதீர்கள். ஒரு வகுப்பு 45 நிமிடத்தைத் தாண்ட வேண்டா. கடைசி ஐந்து நிமிடத்தில், இன்று கற்றதை மாணவனே தொகுத்துச் சொல்லட்டும்.

இயந்திரம் எழுதித் தரும் காலம்

"செயற்கை நுண்ணறிவு நொடியில் நிரலை எழுதித் தருகிறது. இனி ஆசிரியன் எதற்கு?" என்று கேட்பார் உண்டு. நியாயமான கேள்வி. விடையை எழுதித் தருவதே ஆசிரியன் வேலையென்றால், ஆசிரியன் தேவையில்லைதான். அவ்வேலையை இயந்திரம் என்னைவிட விரைவாகச் செய்கிறது. நானும் ஏழு வாரம் அத்தகைய இயந்திரமாகத்தான் இருந்தேன்! ஆனால் இயந்திரம் எழுதித் தந்ததில் பிழை இருக்கிறதா என்று எவன் பார்ப்பான்? கட்டம் போட்டு, "5, 6, நடு 5" என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவனே பார்ப்பான். அக்கருவிகளையும் பாடத்திற்குள் கொண்டுவரலாம். அது தந்த நிரலைக் கொடுத்து, "இது எந்த எண்ணுக்குத் தவறும்? தேடு" என்று சொல்லிப் பாருங்கள். நல்ல பயிற்சி.

ஒருவரோடு தொடங்குங்கள்

சித்திரையில் தம்பி அந்தத் தேர்வை மீண்டும் எழுதித் தேறினான். மதிப்பெண் பெரிதாக ஒன்றும் இல்லை. அவன் தாய் கைப்பேசியை வாங்கி, "கண்ணு, தேறிட்டானாமே" என்றார். என்னால் சிறிது நேரம் பேச முடியவில்லை. இப்போது அவன் தன் தெருவில் 12ஆம் வகுப்புப் படிக்கும் பெண்ணொருத்திக்கு, அவள் வீட்டுத் திண்ணையில் வைத்து, குமிழி வரிசையாக்கம் சொல்லிக் கொடுக்கிறானாம். "சீட்டுக்கட்டு வச்சுத்தான்க்கா. நான் வாயே திறக்கிறதில்லை" என்று பெருமையாகச் சொன்னான்.

நம்மில் ஒவ்வொருவர்க்கும் ஊரில் இப்படி ஒரு தம்பியோ தங்கையோ இருப்பர். பத்துப் பேருக்கு வகுப்பெடுக்கக் கனவு காணாதீர்கள், விளம்பரமும் வேண்டா. ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். வாரத்தில் ஒரு நாள், 45 நிமிடம் ஒதுக்குங்கள். கையில் ஒரு நோட்டு, பேனா, ஒரு கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள். கடிகாரம் எதற்கென்று இப்போது உங்களுக்குத் தெரியும்.